பனி பிடிக்காத பெட்டி

டொக்டர்,

இன்று காலை கடை திறந்து கொஞ்ச நேரத்திலேயே கூரியர்காரர் குளிர் போகாமல் காக்கும் ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூடியைக் கழற்றியதும் அந்த மணம் வந்தது. பிளாஸ்டிக்கும் குளிரும் சேர்ந்த, மணம் என்று சொல்லவே முடியாத ஒன்று. பக்கத்தில் குயின்ஸ்லாந்திலிருந்து வந்த கறிவேப்பிலைக் கட்டுகள் அவிழ்த்தபடி கிடந்தன. இரண்டும் கலந்தபோது உங்கள் குரல் காதில் விழுந்தது. "உலகத்துலயே இந்த வாசனை உங்க கடையில மட்டுந்தான் வரும் அண்ணாச்சி."

பெட்டிக்குள் விரல் நுனியளவு குழாய் ஒன்று. அதில் ஒட்டியிருந்த தாளில் உங்கள் நொதியத்தின் பெயர். ஆல்டிஹைட் டிஹைட்ரஜனேஸ். முதன்முதலில் அந்தப் பெயரை நான் நாலாக உடைத்துத்தான் வாசித்தேன். இன்றைக்கு ஒரே மூச்சில் வாசித்துவிட்டேன். கேட்கத்தான் ஆள் இல்லை. இதை வாங்கியவர் உங்களைத் தெரியாத, வேறொரு ஆய்வுகூடத்துப் பிள்ளை. குழாயை வைக்கவேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, விலைச்சிட்டை எழுதும் கொப்பியிலேயே இதை எழுதத் தொடங்கினேன்.

நீங்கள் முதலில் என் கடைக்கு வந்தது 2010இல், நல்லெண்ணெய் வாங்க. அப்போது என் கடை ஏற்கெனவே இரண்டுங்கெட்டானாகத்தான் இருந்தது. முன்னால் அரிசி, மிளகாய்த்தூள், கருவாடு. பின்னால் கையுறை, சோதனைக் குழாய், பிப்பெட் நுனிகள். மெல்பேர்னில் இந்தக் கிளேட்டன் பக்கத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்காத வியாபாரி இல்லை. நான் இந்த நாட்டுக்கு வந்து ஒரு பண்டகசாலையில் பல வருசம் பெட்டி தள்ளினவன். சாமானைவிட, சாமான் நேரத்துக்கு வந்து சேர்வதற்குத்தான் சனம் கூடப் பெறுமதி வைக்கிறது என்று அங்கே கண்டுகொண்டேன். பிறகு கடை போட்டபோது, பக்கத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து வரிசையில் நிற்கும் ஆராய்ச்சிக்காரர் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொன்னார்கள். கேட்ட மருந்து வர ஐந்து கிழமை, ஆறு கிழமை. அது எனக்குக் குறையாகக் கேட்கவில்லை, வாய்ப்பாகக் கேட்டது. பல ஆய்வுகூடங்களின் ஓடரை ஒன்றாகச் சேர்த்து வெளிநாட்டிலிருந்து எடுத்து, என் கடைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து, கேட்ட அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுப்பது. அதுதான் என் தொழில். அரிசி மூட்டையோடு சேர்த்துக் கொடுத்த நாளும் உண்டு.

"அண்ணாச்சி, பின்னால அடுக்கி வச்சிருக்கது பிப்பெட் டிப்ஸா?" என்று கேட்டீர்கள்.

"ஓம். உங்களுக்கு எண்ணெய் வேணுமோ, அது வேணுமோ?"

"ரெண்டும் வேணும். அண்ணாச்சி கடைன்னா எல்லாம் இருக்கத்தான செய்யும்."

வடமராட்சிக்காரனான என்னை அதுவரை ஒருத்தரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. பாளையங்கோட்டையில் மளிகைக் கடைக்காரர் எல்லோரும் அண்ணாச்சிதான் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். நானும் உங்களை டொக்டர் என்று கூப்பிடத் தொடங்கினேன். "நான் ஊசி போடுத டாக்டர் இல்ல" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவீர்கள். திருத்துவதற்காகவே நானும் கூப்பிடுவேன்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன்.

"குடிச்ச சாராயத்த ஈரல் எப்பிடி உடைக்குதுன்னு பாக்கேன்."

"அதுக்கு ஏன் இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? எங்கட சங்கத்து ஒன்றுகூடலுக்கு ஒருக்கா வந்தால் காணுமே."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள். பிறகு, எண்ணெய்ப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு விளக்கினீர்கள். உடம்பு சாராயத்தை முதலில் ஒரு நஞ்சாக மாற்றுகிறது. அந்த நஞ்சை அகற்றுவதுதான் உங்கள் நொதியம். சிலருக்கு அது குறைவு. அப்படியானவர்களின் ஈரலுக்கு என்ன நடக்கிறது என்று முன்கூட்டியே அறிய முடிந்தால் காப்பாற்ற வழி உண்டு. ஆனால் ஒரு துண்டு ஈரலில் அந்த நொதியம் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. அதைக் காட்டிக்கொடுக்க ஓர் அன்டிபொடி வேண்டும்.

"பிறபொருளெதிரி," என்றேன். பள்ளிக்கூடத்தில் படித்தது.

"அடேயப்பா. இம்புட்டுக் குட்டிச் சாமானுக்கு இம்புட்டுப் பெரிய பேரா?"

ஆயிரம் புரதத்துக்குள் அது தன் ஆளை எப்படி அறிகிறது என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் யோசித்துவிட்டு, "ஏர்போர்ட்ல ஒரு குட்டி நாய் வருமே, பாத்திருக்கீங்களா? நூறு பெட்டி வரும். எதையும் கண்டுக்காது. கருவாட்டுப் பெட்டி பக்கத்துல மட்டும் போய் உக்காந்துக்கிடும்" என்றீர்கள்.

"பார்த்தனானோ? என்ர மாமியின்ர பெட்டிக்குப் பக்கத்தில இருந்திட்டுது. நல்ல பாரைக் கருவாடு முழுக்கப் போச்சு."

"அதேதான். அந்த நாய்தான் ஆன்டிபாடி."

அதன்பிறகு பின்கடையில் என்ன விற்கிறாய் என்று யார் கேட்டாலும் நாய் விற்கிறேன் என்றுதான் சொல்லிவந்தேன். முதல் குழாய் வந்தது. நீங்கள் அதைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து வைத்து வேலை செய்தீர்கள். ஒருநாள் எக்ஸ்றே படம் போன்ற ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினீர்கள். ஒவ்வொரு ஈரல் துண்டுக்கும் ஒரு கறுப்புக் கோடு. தடித்த கோடு என்றால் நொதியம் நிறைய, மெல்லிய கோடு என்றால் குறைவு. எனக்குப் பெருமையாக இருந்தது. கோடு உங்களுடையது, நாய் என்னுடையது.

இனி நான் எழுத விரும்பாத பகுதி வருகிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அதில் ஓரிடத்தை உங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

என்னிடம் இருந்தது மூடியை மேலே தூக்கித் திறக்கும் ஒரு பழைய பெட்டகக் குளிர்ப்பெட்டி. உள்ளே பனி இரண்டு விரல் தடிப்பில் பிடித்துவிடும். மாதம் ஒருதரம் நானும் மனைவியும் சாமானை வெளியே எடுத்துவைத்து, அகப்பைக் காம்பால் பனியைச் சுரண்டுவோம். வியாபாரம் பெருத்ததும் இந்தக் கஷ்டம் எதற்கு என்று தைப்பொங்கலுக்கு முதல் கிழமை ஒரு புதுப் பெட்டி வாங்கினேன். ஆள் உயரம், உள்ளே விளக்கு, பனியே பிடிக்காது. சூடை மீனையும் பறாட்டாவையும் பழைய பெட்டியில் விட்டுவிட்டு, உங்கள் அன்டிபொடிக் குழாய்களைப் புதுப் பெட்டியின் மேல்தட்டில் வைத்தேன். நல்லதை நல்லதில் வைக்கவேண்டும் என்று நினைத்தேன். உங்களுக்குத் திறந்தும் காட்டினேன். "உள்ள லைட்டெல்லாம் எரியுது" என்றீர்கள். அவ்வளவுதான்.

பெப்ரவரி தொடங்க உங்கள் கோடுகள் மங்கின. மார்ச்சில் பாதிக் கோடுகள் காணாமலே போயின. அந்த ஜனவரி வெயிலில் உங்கள் கட்டிடத்தில் ஒரு நாள் மின்சாரம் நின்றிருந்தது. அதில்தான் ஈரல் துண்டுகள் பழுதாகிவிட்டன என்று நீங்கள் முடிவுகட்டினீர்கள். ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்து, ஒரு பாக்கெட் அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றீர்கள்.

"என்ன டொக்டர், அப்பளத்திலயும் நொதியம் தேடுறியளோ?"

நீங்கள் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை மீட்டிங்ல சொல்லிருவேன் அண்ணாச்சி. சாம்பிள் எல்லாம் கெட்டுப்போச்சு. தூக்கிப் போட்டுட வேண்டியதுதான். மே மாசத்தோட காண்ட்ராக்ட் முடியுது. காட்டுததுக்கு ஒன்னும் இல்லன்னா நீட்ட மாட்டாங்க. விசாவும் அதோட சரி."

"வேற துண்டு எடுக்கேலாதோ?"

"ஆபரேஷனுக்கு முந்தின நாள் பயத்துல படுத்திருந்தவங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. அவங்ககிட்டப் போய் இன்னொரு துண்டு குடுங்கன்னா கேக்க முடியும்?"

அப்பளத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனீர்கள்.

செவ்வாய்க்கிழமை, புதுப் பெட்டியின் அடியில் தண்ணீர் கசிகிறதென்று திருத்துபவரைக் கூப்பிட்டேன். வயதான கிரேக்கர். குந்தியிருந்து பின்பக்கத்தைக் கழற்றினார். பனியே பிடிக்காத பெட்டியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பனி பிடிக்காமல் எப்படி இருக்கும், பெட்டி ஒரு நாளில் சில தடவை தானே தன்னைச் சூடாக்கி, பிடித்த பனியை உருக்கி, கீழே ஊற்றிவிடுகிறது, அந்தத் தண்ணீர் போகும் குழாய்தான் அடைத்துவிட்டது என்றார். மீனுக்கும் ஐஸ்கிறீமுக்கும் அதால் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார்.

மேல்தட்டைத் திறந்து பார்த்தேன். மற்ற ஆய்வுகூடங்களின் அன்டிபொடிகள் பாகுபோன்ற ஒரு திரவத்தில் கிடந்தன. அவை அந்தக் குளிரிலும் உறையாதவை. உங்களுடையது மட்டும் தண்ணீர்போல மெல்லியது. உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, மறுபடி உருகி, பொங்கலிலிருந்து அதுதான் நடந்திருக்கிறது. திரும்பத் திரும்ப உறைந்து உருகினால் அது செத்துப்போகும் என்று அதன் தாளிலேயே எழுதியிருந்தது. நான் விற்ற சாமானின் தாளை நான் வாசிக்கவில்லை.

செவ்வாய் பின்னேரமே உங்களுக்குப் போன் எடுத்திருக்கவேண்டும். எடுக்கவில்லை. புதன்கிழமை முழுக்க என் தலைக்குள் ஓடியது வேறு கணக்கு. எட்டு ஆய்வுகூடங்கள் என்னிடம் வாங்குகின்றன. மீன் பெட்டிக்குப் பக்கத்தில் மருந்தை அவித்து விற்கிறான் என்ற பேச்சு ஒன்று போதும், பின்கடையைப் பூட்டிவிடலாம். அதனால் ஒரு பொய்யைச் செய்துவைத்தேன். 'கம்பனியின் அந்த லொட், அந்தத் தொகுதியே பிழையாம், இப்பத்தான் அறிவித்தவை.' துண்டுகளும் தப்பும், நானும் தப்புவேன். வியாழன் காலை காரில் அதை இரண்டு தரம் சொல்லிப்பார்த்துக்கொண்டுதான் உங்களிடம் வந்தேன். இதைத்தான் உங்களிடம் சொன்னதில்லை.

புறப்படும்போது மனைவி, "உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோ. அந்தப் பிள்ளை எங்கட வீட்டுச் சோறு திண்ட பிள்ளை" என்றாள். ஓம் என்றேன். அதுவும் பொய்தான்.

தேநீர் அறையில் என்னை இருத்தினீர்கள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் வாய் திறக்கமுன் நீங்கள் தொடங்கினீர்கள்.

"கம்பெனிக்குப் போன் போட்டேன் அண்ணாச்சி. இதே லாட் மத்த எடத்துல எல்லாம் நல்லா வேலை செய்யுதாம். அப்போ ஆன்டிபாடி மேல தப்பு இல்ல."

என் பொய் அந்த இடத்திலேயே முடிந்துபோனது.

"உங்க கைக்கு வந்த பொறவு ஏதும் ஆயிருக்குமோன்னு எங்க பாஸ் கேட்டாரு. நான் அடிச்சுச் சொல்லிட்டேன். அண்ணாச்சி அரிசியில கல்லு இருந்தாக்கூட அவரே சொல்லித்தான் விப்பாரு."

அரிசியில் கல் இருந்தால் சொல்லுவேன்தான். அது சின்ன விசயம். நீங்கள் அந்த வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுதமாட்டேன். ஆனால் சொன்னீர்கள். நான் புதுப் பெட்டியைப் பற்றி, கிரேக்கர் சொன்னதைப் பற்றி, வாசிக்காத தாளைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன்.

நீங்கள் கத்துவீர்கள் என்று காத்திருந்தேன். தேநீர்க் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு, "பெட்டி எப்ப வாங்கினீங்க?" என்றீர்கள்.

"தைப்பொங்கலுக்கு முதல் கிழமை."

உங்கள் குறிப்புக் கொப்பியை எடுத்துவந்து பக்கம் புரட்டினீர்கள். பொங்கலுக்கு முந்திய பக்கங்களில் கோடு இருந்தது. பிந்திய பக்கங்களில் தேய்ந்தது. உங்கள் விரல் அந்த இடத்தில் நின்றது. முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. கடையில் நல்ல முருங்கைக்காய் வந்திருக்கிறது என்று சொன்னால் வருமே, அந்த முகம்.

"அப்போ சாம்பிள் கெடலையோ," என்றீர்கள். என்னிடம் அல்ல, கொப்பியிடம். பிறகு எழுந்தீர்கள். "முதக் குழாயில ஒரு பங்கு மிச்சம் கிடக்கு அண்ணாச்சி. தேதி முடிஞ்சிட்டு. தூக்கிப் போட மனசு வரல. எங்க ஃப்ரீசர்லயேதான் இருக்கு."

அன்றைய கூட்டத்தில் நீங்கள் கேட்டது இரண்டே நாள். கொடுத்தார்கள்.

சனிக்கிழமை கடையில் சனம். நீங்கள் வரிசையில் நிற்காமல் நேரே மேசைக்கு வந்து, அந்தக் கறுப்புத் தாளை வாசல் வெளிச்சத்தில் பிடித்தீர்கள். கோடுகள் வரிசையாக இருந்தன. தடித்தது, மெல்லியது, மிக மெல்லியது.

"நாய் உக்காந்துட்டு, பாத்தீங்களா?" என்றீர்கள்.

வரிசையில் நின்ற அன்ரி ஒருவர், "என்ன பிள்ளை, ஸ்கானோ? பிள்ளை கிள்ளையோ?" என்று எட்டிப்பார்த்தார்.

"ஈரல், ஆன்ட்டி," என்றீர்கள்.

"ஆற்ற ஈரல்?"

"தெரியாது ஆன்ட்டி. நல்ல மனுசங்க."

எனக்குக் கண் கலங்கியது. வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்றதால் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் நீங்கள் என்னை அத்தோடு விடவில்லை. "மத்த லேபுக்கெல்லாம் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டீர்கள். அவர்களுடையது பாகில் இருப்பது, உறையாது, பழுதில்லை என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா? அவங்களுக்கும் ஒரு கோடு சரியா வரலன்னா, அவங்க எதத் தூக்கிப் போடுவாங்க?"

திங்களும் செவ்வாயும் ஏழு இடத்துக்கும் நேரில் போனேன். ஒருவர் மாத்திரம் இனி வாங்கமாட்டேன் என்றார். அவர் சொன்னது நியாயம். மற்றவர்கள் நின்றார்கள். ஒரு பெண் தங்கள் ஆய்வுகூடத்திலும் பனி பிடிக்காத பெட்டிதான் இருக்கிறதென்று சொல்லி, என்னோடு பேசிக்கொண்டிருந்தபடியே எழுந்து ஓடினார். உண்மை சொன்னது வியாபாரத்துக்குக் கெடுதலாகவில்லை. அப்படித்தான் முடியும் என்று முன்னமே தெரிந்திருந்தால் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருப்பேன். அதனால் அதில் எனக்குப் பெரிய பெருமை ஒன்றும் இல்லை.

உங்கள் ஒப்பந்தம் நீண்டது. கட்டுரை வந்தது. நன்றி சொல்லும் இடத்தில் கடைப் பேரைப் போடட்டுமா என்று கேட்டீர்கள். "போட்டால் மிளகாய்த்தூளும் விக்குமோ?" என்றேன். பழைய பெட்டகப் பெட்டி மறுபடி மருந்துக்கு வந்தது. சூடை மீன் விளக்கு எரியும் பெட்டிக்குக் குடிபெயர்ந்தது. பனி சுரண்டும் நாளில் நீங்கள் வந்துவிட்டால் நீங்களும் ஒரு அகப்பையை எடுத்துக்கொள்வீர்கள்.

அடுத்த வருசம் நீங்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தபோது, என்ன என்று நான் கேட்கவில்லை. மேசைக்குப் பின்னால் நீங்கள் இருக்க ஒரு கதிரையைப் போட்டேன். சுக்குக் கோப்பி கேட்டீர்கள். மருந்தும் ஊசியும் என்று அந்தக் கோடை முழுக்கப் போனது. ஒருநாள், ஆராய்ச்சியை உங்களோடு வேலை செய்பவரிடம் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னீர்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்களே எனக்குத் தேறுதல் சொன்னீர்கள். "நான் இல்லாட்டாலும் அந்த ஈரல் சாம்பிள் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கும் அண்ணாச்சி. நாம கேக்க மறந்த கேள்விய நாளைக்கு ஒருத்தன் வந்து கேப்பான். கேட்டா அது பதில் சொல்லும்." பூண்டு ஊறுகாய் ஒரு போத்தல் உங்கள் பையில் வைத்துவிட்டேன். சாப்பிட்டீர்களோ தெரியாது. அதற்குப் பிறகு நீங்கள் கடைக்கு வரவேயில்லை.

போன கிழமை சிட்னியிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிப் பக்கத்து ஆய்வுகூடங்களுக்கு அன்டிபொடி எடுத்துக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறாராம். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். விலை எப்படிப் போடுவது, கம்பனிகளிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டார். நாளைக்கு மெல்பேர்னிலும் கால் வைப்பார். அவர் இடத்தில் நான் இருந்தால் வைப்பேன். விலை விசயத்தில் நான் வாய் திறக்கவில்லை. அதற்கு நான் அவ்வளவு நல்லவன் இல்லை. ஆனால் சாமானை எதில் வைத்திருக்கிறீர் என்று கேட்டேன்.

"நல்ல பெட்டி அண்ணை. புதுசு. பனியே பிடிக்காது."

பொங்கலிலிருந்து வியாழக்கிழமை வரை நடந்ததை அவருக்குச் சொன்னேன். காரில் சொல்லிப்பார்த்த பொய்யையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

"இதை ஏன் எனக்குச் சொல்லுறியள் அண்ணை? நான் உங்களுக்குப் போட்டியெல்லோ?"

"போட்டியை விலையில பாப்பம். நீர் எத்தினை பேருக்குக் குடுத்திருக்கிறீர்?"

"மூண்டு பேருக்கு. அதில ஒரு ஆள் ரெண்டு கிழமையா அழுதுகொண்டு நிக்கிறா. சாம்பிள் சரியில்லையாம்."

"போன் எடுக்காதையும். நேரில போம்."

அடுத்த நாள் அவர் திரும்ப எடுத்தார். போனாராம். அந்தப் பிள்ளை ஏசினாளாம், பிறகு எழுந்துபோய், குப்பைக்கு என்று கட்டி ஃப்ரீசருக்குள்ளேயே ஒதுக்கி வைத்திருந்த பெட்டியை அவிழ்த்தாளாம். துண்டுகள் எல்லாம் அப்படியே இருந்தனவாம்.

டொக்டர், வெஸ்ட்மீட்டில் யாரோ பயத்தோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த துண்டுகள் இன்றைக்கும் குளிரில் பத்திரமாக இருக்கின்றன. அவர்கள் யார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நல்ல மனுசர்களாகத்தான் இருக்கவேண்டும்.